எல்லா டெஸ்ட்டும் நார்மல், இருமல் மட்டும் நிற்கவில்லை: குழந்தையின் இருமலுக்கு மனநலச் சிகிச்சை என்ன செய்யும்?

பத்து வயது மகளுக்கு மூன்று மாதமாக வறட்டு இருமல். சளிக்காய்ச்சலோடு ஆரம்பித்தது, காய்ச்சல் போன பிறகும் இருமல் போகவில்லை. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி எல்லாம் நார்மல். ஆன்டிபயாடிக், அலர்ஜி மாத்திரை, இன்ஹேலர், நெபுலைசர், அப்புறம் பாட்டியின் கஷாயம் என்று எதற்கும் மசியவில்லை. இப்போது டாக்டர் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைப் பார்க்கச் சொல்லிவிட்டார். "இருமலுக்கு எதற்கு மனநலச் சிகிச்சை, அங்கே போனால் என்ன செய்வார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் இன்னொரு வரியும் இருக்கிறது: "அப்போ அவள் நடிக்கிறாளா, இல்லை எங்கள் வளர்ப்பில் ஏதாவது கோளாறா?" உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வரிதான் என்று தோன்றுகிறது. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். டாக்டர்கள் ஹேபிட் காஃப், அதாவது பழக்க இருமல், என்று சொல்லும் இந்த வகை இருமல் உள்ள பிள்ளைகள் நடிப்பதில்லை. தொண்டையில் அந்த உந்துதல் நிஜமாகவே வருகிறது, அதை எப்படி நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இது வளர்ப்புக் கோளாறு என்பதற்கும் எந்த ஆதாரமும் கிடையாது.

நான் மருத்துவ உளவியலாளர். பல வருடங்களாகக் குழந்தைகள் நுரையீரல் மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறேன், இப்படி அனுப்பப்படும் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்கிறேன். ஆனால் உங்கள் மகளை நான் பார்க்கவில்லை, அவள் இருமுவதைக் கேட்கவும் இல்லை. எனவே அவளுக்கு இருப்பது இதுதான் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. டாக்டர் சந்தேகிப்பது இதுவாக இருந்தால் விஷயம் எப்படிப் போகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மனநலப் பக்கம் வருவதற்கு முன்னால், உடம்புப் பக்கம் போதுமான அளவு பார்த்தாயிற்றா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நான்கு வாரத்துக்கு மேல் தினமும் இருமல் இருந்தால் அதை நாள்பட்ட இருமல் என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் கணக்கில் எடுக்கின்றன. 2008இல் வந்த பிரிட்டிஷ் வழிகாட்டுதலோ எட்டு வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் அப்படிச் சொன்னது. நம் ஊரில் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது, காரணம் காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது இங்குள்ள தேசியத் திட்டத்தின் விதி, அரசு மருத்துவமனைகளில் அந்தப் பரிசோதனை இலவசம். வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது காசநோய் இருந்ததா, எடை குறைகிறதா, சாயங்காலக் காய்ச்சல் வருகிறதா என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. கையில் ஊசி போட்டு வீங்குகிறதா என்று பார்க்கும் மாண்டூ டெஸ்ட்டை மட்டும் வைத்து "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" (குழந்தைகளின் ஆரம்பக் காசநோய்) என்று சொல்லி, ஆறு மாதம் மருந்து கொடுத்து, அதற்கும் இருமல் நிற்காமல் எங்களிடம் வரும் பிள்ளைகள் உண்டு. அந்த டெஸ்ட் பாசிட்டிவ் ஆவதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல.

சளியோடு கரகரவென்று இருமுவது, ரத்தம் வருவது, ஓடினால் மூச்சு வாங்குவது, விரல் நுனி உருண்டு தடிப்பது, சாப்பிடும்போது இருமல் வருவது, எடை ஏறாமல் இருப்பது, இரவில் இருமி எழுந்துகொள்வது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால்கூடப் பேச்சுச் சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு நுரையீரல் மருத்துவரிடமே திரும்பிப் போக வேண்டும். வேர்க்கடலை மாதிரி ஏதாவது புரை ஏறி, அன்றிலிருந்து இருமல் ஆரம்பித்ததா என்று நன்றாக யோசித்துப் பாருங்கள். மூச்சுக்குழாயில் மாட்டிய பொருள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். கக்குவான் இருமல் வந்து போன பிறகும் வாரக்கணக்கில் இருமல் நீடிக்கும். காதுக்குள் அழுக்குக் கட்டி அழுத்தினால்கூடச் சிலருக்கு இருமல் வரும், ஏனென்றால் இருமலைத் தூண்டும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக்குப் போகிறது. காதுக்குள் யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள், பலர் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் இல்லை என்றான பிறகு மிஞ்சும் இருமலுக்கு ஒரு சாயல் உண்டு. வறண்டது, சத்தமானது, குரைப்பதுபோல அல்லது தொண்டையைக் கனைப்பதுபோல இருக்கும். நிமிடத்துக்குப் பல தடவை, ஒரே தாளத்தில், மணிக்கணக்காக வரும். பெரும்பாலும் எட்டு வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் தொடங்கும், அநேகமாக ஒரு சாதாரணச் சளிக்குப் பிறகுதான். பிடித்த விளையாட்டில் மூழ்கிவிட்டால் குறையும், யாராவது இருமலைப் பற்றிப் பேச்சை எடுத்தால் கூடும். தூங்கிவிட்டால் அடியோடு நின்றுவிடும். இந்தக் கடைசி அடையாளத்தில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பல பத்தாண்டுகள் இந்தப் பிள்ளைகளைப் பார்த்த அயோவா பல்கலைக்கழகத்தின் மைல்ஸ் வைன்பெர்கர், தூக்கத்தில் நிற்பதைத்தான் முக்கியமான தடயமாகச் சொல்கிறார். அமெரிக்க நெஞ்சு மருத்துவர்கள் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, தூக்கத்தில் நிற்பதையும் குரைக்கும் சத்தத்தையும் மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்கிறது. தூக்கத்தில் எந்த இருமலும் கொஞ்சம் அடங்கும் என்பதால் அந்த எச்சரிக்கை நியாயமானது. நான் இதை ஒருவழிப்பாதையாக வைத்துக்கொள்கிறேன். ஆழ்ந்து தூங்கும்போதும் இருமினால் உடம்புக் காரணத்தை மறுபடி தேடச் சொல்வேன். இருமாமல் தூங்கினால், அது மட்டுமே எதையும் நிரூபித்துவிடாது. அந்த வழிகாட்டுதல் பெயர்களையும் மாற்றியது என்பதால், சீட்டில் ஒருவர் ஹேபிட் காஃப் என்றும், இன்னொருவர் டிக் காஃப் என்றும், மூன்றாமவர் சொமாட்டிக் காஃப் என்றும் எழுதியிருக்கலாம். மூன்று டாக்டர்கள் மூன்று நோய் சொல்லிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்.

இனி, மனதுக்கும் இருமலுக்கும் என்ன தொடர்பு? மூச்சுக்குழாயில் எரிச்சல் ஏற்பட்டால் வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து இருமல் கிளம்புகிறது. இதற்கு நம் அனுமதி தேவையில்லை. ஆனால் பெருமூளைக்கும் இதில் கை உண்டு. நாம் நினைத்தால் இருமிக் காட்ட முடியும், ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரம் அடக்கவும் முடியும். இந்தப் பிள்ளைகளுக்கு முதல் சளியில் தொண்டை புண்ணாகிறது. இருமுகிறார்கள். அந்த இருமலின் அடியே தொண்டையை மறுபடி உறுத்துகிறது, உறுத்தல் அடுத்த இருமலைக் கிளப்புகிறது. கொசுக்கடியைச் சொறியச் சொறிய அரிப்பு கூடுவதுபோலத்தான். கொசு எப்போதோ போய்விட்டது, அரிப்பைச் சொறிதல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கிருமி போன பிறகு இருமலை இருமலே நடத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஆன்டிபயாடிக்கும் இன்ஹேலரும் வேலை செய்யவில்லை, அவை அடிக்க வேண்டிய எதிரி அங்கே இல்லை. இந்தச் சுற்று நரம்பியல் அளவில் துல்லியமாக எப்படி நிலைபெறுகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் சிகிச்சையில் நாங்கள் கைவைக்கும் இடம் இதுதான்: உந்துதலுக்கும் இருமலுக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு நொடி.

இங்கே பெற்றோர் மட்டுமல்ல, மனநலத் துறையில் இருப்பவர்களும் வழிதவறுகிறார்கள். மனநலச் சிகிச்சை என்றதும் மனசுக்குள் ஒளிந்திருக்கும் ஏதோ ஒரு பெரிய துயரத்தைத் தோண்டி எடுப்பதுதான் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்கூலில் என்ன நடந்தது, வீட்டில் சண்டையா, தம்பி பிறந்ததில் பொறாமையா என்று குழந்தையைத் துருவுகிறார்கள். அதுவும் இருமிக்கொண்டே பதில் சொல்கிறது. என் அனுபவத்தில் இந்தப் பிள்ளைகளில் பலர் சாதாரணமானவர்கள். கொஞ்சம் பொறுப்பானவர்கள், கொஞ்சம் கவலைப்படும் சுபாவம், அவ்வளவுதான். சிலருக்கு உண்மையிலேயே பின்னால் ஒன்று இருக்கும்: வகுப்பில் கேலி, பரீட்சைப் பயம், யாரோ தவறாக நடந்துகொண்டது. அதனால் ஒவ்வொரு பிள்ளையிடமும் பெற்றோர் இல்லாமல் தனியாகப் பேசுகிறேன், அதை ஒருபோதும் விடுவதில்லை. ஆனால் காரணம் கிடைத்தால்தான் இருமல் நிற்கும் என்பது சரியல்ல. பெரும்பாலும் இருமலை முதலில் நிறுத்த முடிகிறது, கவலை என்று ஏதாவது இருந்தால் அதை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம். மூன்று மாதம் இருமியதாலேயே வந்த கவலையும் உண்டு. வகுப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தால் எந்தப் பிள்ளைதான் கலங்காது?

அறைக்குள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நான் பின்பற்றுவது வைன்பெர்கர் குழு எழுதிவைத்த கருத்தேற்ற முறையைத்தான் (சஜெஷன் தெரபி, அதாவது தன்னால் அடக்க முடியும் என்ற நம்பிக்கையைப் பேச்சின் மூலம் குழந்தைக்கு ஏற்படுத்துவது), என் வசதிக்குச் சில மாற்றங்களோடு. குழந்தை அந்த நேரத்தில் இருமிக்கொண்டிருப்பது நல்லது. முதலில் மேலே சொன்ன சுற்றை அவளுக்குப் புரியும்படி சொல்வேன், படம் வரைந்தும் காட்டுவேன். "இது உன் தப்பில்லை. உன் நுரையீரல் நன்றாக இருக்கிறது. இந்தச் சுற்றை உடைக்க உன்னால் முடியும், எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன்." இதைச் சொல்பவருக்கு அதில் உறுதி இருக்க வேண்டும். சந்தேகத்தோடு சொன்னால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு, இருமல் வருவதற்கு முன்னால் உடம்பில் என்ன தெரிகிறது என்று கவனிக்கச் சொல்வேன். தொண்டையில் குறுகுறுப்பு, நெஞ்சு இறுக்கம், மூச்சு உள்ளே இழுபடுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். அடுத்த முறை அது வரும்போது இருமாமல் ஒரே ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கலாம், அதற்குப் பதிலாக வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு வாய் உறிஞ்சலாம் என்போம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருவரும் உட்கார்ந்திருப்போம்.

முதல் நிமிடம் கஷ்டம். முகம் சிவக்கும், கண்ணில் தண்ணீர் வரும், நடுவில் இருமியும் விடுவாள். பரவாயில்லை, மறுபடி ஆரம்பிப்போம். நான் விடாமல் பேசிக்கொண்டே இருப்பேன்: தள்ளிப்போடும் ஒவ்வொரு நொடியும் தொண்டைக்கு ஓய்வு, அடுத்த நொடி இதைவிடச் சுலபம். ஒரு நிமிடம் இரண்டாகும், இரண்டு ஐந்தாகும். பத்து நிமிடம் போல ஆனதும் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும், அது தெரிந்த பிறகுதான், "இப்போது உன்னால் அடக்க முடிகிறது, இல்லையா?" என்று கேட்பேன். அவசரப்பட்டுக் கேட்டால் கெட்டுப்போகும். ஐந்து நிமிடமாவது இருமலே இல்லாமல் போன பிறகு, "இனிமேல் நீயே பார்த்துக்கொள்வாயா?" என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்ப ஆமாம் என்று அவள் சொன்னால் அமர்வு முடிந்தது. பல பிள்ளைகளுக்கு இதற்கு அரைமணி நேரம் போதும். இருமல் மறுபடி தலைகாட்டினால் அதே முறையை வீட்டில் தானே செய்துகொள்ளச் சொல்லி அனுப்புவோம். ஹிப்னாஸிஸ் பயிற்சி பெற்றவர்கள் இதையே கண்ணை மூடி, உடம்பைத் தளர்த்தி, பிடித்த ஓர் இடத்தைக் கற்பனை செய்யவைத்துச் செய்வார்கள். மேடையில் ஆளைத் தூங்கவைக்கும் வித்தையோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், குழந்தைக்கு முழு நினைவும் இருக்கும்.

இவ்வளவு எளிதா என்று சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். 1966இல் பெர்மன் என்ற அமெரிக்க அலர்ஜி மருத்துவர் ஆறு பிள்ளைகளைப் பேச்சின் மூலமே குணப்படுத்தியதாக எழுதினார். 1991இல் அயோவா குழு ஒன்பது பிள்ளைகளுக்குச் சுமார் கால்மணி நேர அமர்வின் விளைவை வெளியிட்டது. பின்னால் அதே மருத்துவமனையில் இருபது ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, வந்த நேரத்தில் இருமிக்கொண்டிருந்து இந்தச் சிகிச்சை பெற்ற 85 பிள்ளைகளில் சுமார் 95 சதவீதம் பேருக்கு அந்த வருகையிலேயே இருமல் நின்றிருந்தது. 2004இல் ரான் அன்பார் என்ற அமெரிக்கக் குழந்தைகள் நுரையீரல் மருத்துவர் வெளியிட்ட ஆய்வில் 51 பிள்ளைகளுக்குச் சுய ஹிப்னாஸிஸ் கற்றுத்தந்தார்கள். முதல் அமர்வின்போதோ அது முடிந்த உடனேயோ 78 சதவீதம் பேருக்கு இருமல் நின்றது, இன்னும் 12 சதவீதம் பேருக்கு ஒரு மாதத்துக்குள். 2019இல் வைன்பெர்கர் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு வீடியோ அழைப்பிலேயே சிகிச்சை தந்தார். அந்தப் பதிவைப் பொதுவில் வைத்தபோது, அதைப் பார்த்தே வேறு பிள்ளைகளும் இருமலை நிறுத்தியதாக மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டது.

இப்போது இதன் பலவீனத்தையும் சொல்கிறேன். மேலே உள்ள எதுவும், பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு அல்ல. எல்லாம் ஒரே மருத்துவமனை, ஒரே நிபுணர், தங்களிடம் வந்தவர்களின் கணக்கு. 2014இல் இப்படிப்பட்ட 18 ஆய்வுகளை, 223 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஹிப்னாஸிஸில் 78 சதவீதம், கருத்தேற்ற முறையில் 96 சதவீதம் என்று வந்தது, ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு என்பதையும் அவர்களே எழுதினார்கள். இந்த எண்களை வைத்து ஒன்று மற்றொன்றைவிட மேல் என்று சொல்ல முடியாது. வெற்றி பெற்றவர்கள் எழுதுவார்கள், தோற்றவர்கள் எழுத மாட்டார்கள் என்ற சிக்கலும் இருக்கிறது. தானாகவே நின்றிருக்குமே என்று கேட்கலாம். சிலருக்கு நிற்கும். ஆனால் இப்படிப்பட்ட சிகிச்சை இல்லாமல் பின்தொடரப்பட்ட 60 பிள்ளைகளைப் பற்றி அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1991இல் எழுதியபோது, நான்கில் ஒருவர் வருடக்கணக்கில் இருமிக்கொண்டே இருந்தது தெரியவந்தது. நின்றவர்களுக்கும் பல மாதம் ஆகியிருந்தது. ஒரு வருடமாக இருமும் பிள்ளை என் கண்ணெதிரே அரைமணியில் நிறுத்துவதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எனவே என் நிலைப்பாடு இது: இது வேலை செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, எத்தனை சதவீதம் பேருக்கு என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அதை நம்ப மாட்டேன்.

சில பழைய முறைகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. 1984இல் வெளியான ஒரு கட்டுரையில், நெஞ்சுத் தசை பலவீனமாகிவிட்டது என்று பிள்ளையிடம் சொல்லிப் படுக்கை விரிப்பை நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். 33 பேரில் 31 பேருக்கு இருமல் நின்றது. பலன் நிஜம், ஆனால் சொன்ன காரணம் பொய். உண்மையைச் சொல்லியே அதே பலனைப் பெற முடியும் என்னும்போது குழந்தையிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அதற்கு முன்னால் 1977இல் ஒரு சிறுவனுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்தியதையும் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். இன்று அப்படி யாராவது பேச்செடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். "இருமினால் ஊசி போடுவேன்" என்று மிரட்டுவதும் அதே வழியில் வருவதுதான்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அமர்வில் நிற்காது. இருமலோடு கண் சிமிட்டுவது, தோளைக் குலுக்குவது, மூக்கை உறிஞ்சுவது, தொண்டையில் ஒலி எழுப்புவது என்று வேறு அசைவுகளும் மாறி மாறி வந்தால் அது டிக் கோளாறின் பகுதியாக இருக்கலாம். அதற்கு வேறு பாதை: உந்துதலை அடையாளம் கண்டு, அது வரும்போது அதற்கு எதிரான ஓர் அசைவைச் செய்யப் பழக்கும் நடத்தைச் சிகிச்சை. டிக் உள்ள 126 பிள்ளைகளை வைத்து 2010இல் முறையான ஒப்பீட்டு ஆய்வு நடந்து, பத்து வாரச் சிகிச்சையில் பலன் தெரிந்தது. இங்கே ஆதாரம் திடமானது, ஆனால் வேகம் குறைவு, முழுதாக மறைய வேண்டும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. பிள்ளைக்கு வேறு அசைவுகள் உண்டா என்று யோசித்து வையுங்கள், முதல் நாளே அதைக் கேட்போம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை உண்டு, அவற்றில் பாதி எதையோ செய்யாமல் இருப்பதுதான். எண்ணிக்கை வைக்காதீர்கள். "இன்னிக்குக் குறைஞ்சிருக்கா?" என்று அவள் காதில் விழும்படி கேட்காதீர்கள், போனில் சித்தியிடமும் பாட்டியிடமும் இருமல் கதை பேசாதீர்கள். இருமும்போது யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், பேச்சை அப்படியே தொடருங்கள். "அடக்கு, அடக்கு" என்று அதட்டுவதும் நாங்கள் அடக்கச் சொல்லித்தருவதும் வேறு வேறு. அதட்டும்போது அவளுக்குக் கிடைப்பது பயமும், தன்னால் முடியவில்லையே என்ற எண்ணமும்தான். வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டில் ஒன்று எப்போதும் அவள் கையில் இருக்கட்டும். ஸ்கூலுக்கு அனுப்புங்கள். இருமலுக்காக வீட்டில் நிறுத்திவைத்தால் பாடமும் போகும், திரும்பிப் போவதும் கஷ்டமாகும். இது தொற்றும் இருமல் அல்ல என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். வகுப்பை விட்டு வெளியே அனுப்பக் கூடாது, எல்லோர் முன்னாலும் விசாரிக்கக் கூடாது, தண்ணீர் குடிக்க அனுமதி வேண்டும் என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள், அவர்களுக்கும் காரணம் தெரிந்தால் போதும்.

இருமல் சிரப்பை நிறுத்துவது பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இந்த இருமலுக்கு அதனால் பயனில்லை என்பது ஒன்று. கோடீன் கலந்த இருமல் மருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2015இலேயே சொல்லிவிட்டது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்ததால் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் எத்தனை பிள்ளைகளை இழந்தோம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பலன் இல்லாத மருந்துக்காக மிகச் சிறிய ஆபத்தைக்கூட ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்துமா உறுதியான பிள்ளைக்கு இன்ஹேலரை நீங்களாக நிறுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், அதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

யாரிடம் போவது? தமிழ்நாட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் கேட்டுப் பாருங்கள். வழி தெரியவில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முதல் சந்திப்புக்கு முன், அவள் தூங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போனை அறையில் வைத்து ஒலிப்பதிவு செய்துகொண்டு போங்கள், பகலில் இருமும் ஒரு சிறு வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். "குழந்தைகளின் இருமலுக்கு இந்த மாதிரி சிகிச்சை செய்திருக்கிறீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். நம்மில் பலர் இதைப் படித்திருப்போம், செய்து பார்த்தவர்கள் குறைவு. முதல் நாளே வாழ்க்கைக் கதை முழுவதையும் எழுதச் சொல்லி, பதினைந்து அமர்வுக்குப் பணம் கட்டச் சொன்னால் வேறு ஒருவரைத் தேடுங்கள். நன்றாகச் செய்யப்பட்ட இரண்டு மூன்று அமர்வுக்குப் பிறகும் இருமல் கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால், உங்கள் மகள் ஒத்துழைக்கவில்லை என்று யாரும் சொல்ல விடாதீர்கள். சந்தேகப்பட வேண்டியது நோய்க்கணிப்பை. நுரையீரல் மருத்துவரிடம் திரும்பிப் போய், மூச்சுக்குழாயை உள்ளே பார்க்க வேண்டுமா, காசநோய்ப் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டுமா என்று முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.